கேஸ் எங்கே போயிற்று?

சென்ற சித்திரையில் செம்பூரில் என் மகள் வீட்டு ஏ.சி. குளிராமல் போயிற்று. பழுது பார்க்க வந்தவர் பெட்டியின் மூடியைக் கூடக் கழற்றவில்லை. காற்று வரும் வாயில் உள்ளங்கையை ஒரு கணம் நீட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் போயிடுச்சு சார், ரொப்பணும்" என்றார்.

"எங்கே போச்சு?" என்று கேட்டேன்.

"ஏ.சி.ன்னா கேஸ் கம்மியாகும் சார். பெட்ரோல் மாதிரி. வருஷா வருஷம் ரொப்பிக்கிட்டே இருக்கணும்."

பெட்ரோல் எரிந்து தீர்வது. குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கும் கேஸ் எரிவதில்லை, தேய்வதில்லை, பழையதாவதும் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருப்பது அது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஒரு துவாரம் இருக்கிறது என்பது பொருள். அந்தத் துவாரத்தைத் தேடாமல் மேலும் கேஸை ஊற்றுவதைப் பழுது பார்ப்பது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. போன கேஸ் ஆகாயத்தில் மறைந்துவிடவில்லை. யாரோ ஒருவர் மூச்சு விடும் அறைக்குள்தான் போயிருக்கிறது.

இதை அவரிடம் சொன்னேன். பெரியவர் பேசுகிறார் என்று சிரித்துக்கொண்டே சிலிண்டரை எடுக்கக் கீழே இறங்கிப் போனார். எங்கள் குளிர்சாதனப் பணியாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி நண்பர்கள் இரண்டு வருடமாகக் கேட்டுவருகிறார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்த அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய் வந்து, ஐஸ் தொழிற்சாலையில் அம்மோனியா நெடியில் இரண்டு வருடம் கண்ணீர் விட்டபின், மாஹிம் பக்கம் இருந்த குளிர்சாதனப் பட்டறை ஒன்றில் சேர்ந்தேன். குடியிருப்பு தாராவியில். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். வீட்டில் ரூம் கூலர் வைத்திருந்தவர்கள் அன்று மிகச் சிலரே. அது இன்றைய ஏ.சி. போலச் சுவரில் தொங்குவதன்று. துணி அலமாரி அளவில், மெருகிட்ட மரக்கூட்டோடு, அறையின் மூலையில் தரைமேல் நிற்கும். உள்ளே ஒரு மோட்டார். அது தோல் நாடா போட்டுச் சுற்றும் கம்ப்ரஸர். அதைக் குளிர்விக்கத் தண்ணீர்க் குழாய். கம்ப்ரஸரின் தண்டு வெளியே வரும் இடத்தில், கேஸ் கசியாதபடி ஒரு சீல் உண்டு. அந்தப் பெட்டிகளின் உயிர்நிலை அந்தச் சீல்தான்.

பட்டறையில் எங்கள் மேஸ்திரி தூத்துக்குடிக்காரர், பர்னாந்து. கப்பல்களில் குளிர் அறைகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கரையேறியவர். எந்த வேலைக்கு வந்தாலும் வெள்ளைக் காற்சட்டைதான். மண்டியிடுமுன் கைக்குட்டையை உதறித் தரையில் விரிப்பார். எழும்போது அதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். அந்தக் காற்சட்டையில் எண்ணெய்ப் பொட்டு ஒன்றை நான் கண்டதில்லை. குழாயைத் தொட்டுப் பார்க்க விரல் நுனியைப் பயன்படுத்தவிட மாட்டார். விரல் முட்டியைத்தான் வைக்க வேண்டும். நுனி காய்த்துப்போனது, பொய் சொல்லும் என்பார்.

பழுது தேடுவதற்கு அவர் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். முதலில் வீட்டாரை விசாரிக்க வேண்டும். எப்போதிலிருந்து, எந்த நேரத்தில், அப்போது அறையில் யார் இருந்தார்கள் என்று. அடுத்து தூசி வலையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். நாடாவைக் கட்டைவிரலால் அழுத்தித் தளர்ச்சி பார்க்க வேண்டும். தண்ணீர் வருகிறதா, போகிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தால்தான் அழுத்தமானியைப் பூட்டலாம். "கேஸ் கொறவுன்னு எவன் மொதல்லயே சொல்லுதானோ, அவன் பொட்டியப் பாக்கலன்னு அர்த்தம், வே" என்பது அவர் வாக்கு. செம்பூருக்கு வந்தவர் அவரிடம் அகப்பட்டிருந்தால் ஸ்பானரால் அடி வாங்கியிருப்பார்.

கேஸ் குறைவுதான் என்று ஆகிவிட்டால் சோப்புப் பரீட்சை. சோப்புக் கட்டியைச் சீவி, கொதிநீரில் கரைத்து, இரண்டு சொட்டு கிளிசரின் விட்டு, சவர பிரஷால் ஒவ்வொரு மூட்டிலும் நுரையைத் தடவிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பெரிய துவாரம் உடனே குமிழி விடும். மெல்லிய கசிவு கடுகளவுக் குமிழியை எழுப்பவே நெடுநேரம் எடுத்துக்கொள்ளும். பொறுமையில்லாதவன் கண்ணில் அது படாது. என்னிடம் கைக்கடிகாரம் கிடையாது. சிறு வயது முதல் நாள் தவறாமல் ஓதி வந்த பதிகங்கள் உண்டு. ஒரு மூட்டுக்கு ஒரு பதிகம் என்று வைத்துக்கொண்டேன். பதினொரு பாடலும் பண்ணோடு முடியும்வரை அந்த மூட்டிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. என் நெற்றியைப் பார்த்துப் பர்னாந்து எனக்கு வைத்த பெயர் 'திருநீறு'.

"ஓய் திருநீறு, உம்ம சாமிக்கும் சோப்புக்கும் என்னவே சம்பந்தம்?"

"சாமி எங்கயும் இருக்காரு மேஸ்திரி. கசிவு எங்க இருக்குன்னுதான் தெரியல."

"அப்ப சாமியவே கேளும். கூலி மிச்சம்."

இப்படிக் கேலி பேசினாலும், மற்றவர்கள் சோப்புத் தடவும்போது, "அந்தாளு பாடுத அளவுக்காவது நின்னு பாருங்கலே" என்று சொல்வார்.

போர் எல்லாவற்றையும் கெடுத்தது. இந்தப் பெட்டிகளுக்கென்று விதிக்கப்பட்ட ஆபத்தில்லாத கேஸ் கப்பலில் வருவது நின்றுபோயிற்று. அதற்குப் பதில் கிடைத்தது மெத்தில் குளோரைடு. குளிர்விக்கும், ஆனால் அது நஞ்சு. லேசான தித்திப்பு வாசனை. மூக்கை உறுத்தாது, இருமலும் வராது. ஆளை எச்சரிக்காமல் மயக்குவது. கண்ணை எரிக்கும் மருந்து ஒன்றை அதில் சேர்த்து, கசிந்தால் தெரியும்படி விற்பவர்களும் உண்டு. எங்களுக்கு வந்த சிலிண்டர்களில் அது கிடையாது. கேஸை மாற்றினால் அதன் பெயர் பொறித்த பித்தளைத் தகட்டையும் பெட்டியில் மாற்ற வேண்டும், வீட்டாருக்கும் சொல்ல வேண்டும் என்பது முறை. நாங்கள் தகட்டை மாற்றவில்லை. சொன்னால் வாடிக்கையாளர் பயப்படுவார் என்றது மேலிடம். போர் முடியட்டும் என்றார் பர்னாந்து. போர் முடிந்தது, தகடுகள் அப்படியே இருந்தன.

நான் சொல்லவந்த சம்பவம் போர் முடிந்த மறு வருடம், மாதுங்காவில் நடந்தது.

பாலக்காட்டுக் குடும்பம். வீட்டுக்காரர் இன்ஷூரன்ஸில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், ஆஸ்துமா நோயாளி. தூசி ஆகாது என்று டாக்டர் சொன்னதால் அவர் அறைக்கு ரூம் கூலர் வாங்கியிருந்தார்கள். ஜன்னல்களின் இடுக்குகளில் துணிப்பட்டை வைத்து அடைத்திருப்பார்கள். பிற்பகல் இரண்டு மணிக்குப் பெட்டியை நிறுத்திவிட்டு, குளிர் வெளியேறாதபடி கதவையும் சாத்திவிடுவார்கள். அவரைத் தூக்கி உட்காரவைக்க, துடைத்துவிட, மருந்து கொடுக்க ஓர் ஆயா. பெயர் செல்லத்தாயி. எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெண், கைம்பெண், ஆண்டாப் ஹில்லில் ஜாகை. நான்கு வருடமாக அந்த வீட்டில் வேலை.

பெட்டி குளிரவில்லை என்று வைகாசி பிறப்பதற்கு முன் தகவல் வந்தது; நான் போனேன். மாடிப்படியின் கடைசிப் படியில் செல்லத்தாயி உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு காகிதம். வீட்டு அம்மாள் மேலேயிருந்து என்னைப் பார்த்ததும் முறையிடத் தொடங்கினார்.

"கேட்டேளா, நேத்தோட அவளை நிறுத்திட்டேன். போக மாட்டேங்கறா. குடிக்கறாளாக்கும். காலம்பற வரச்சே நன்னாத்தான் இருக்கா. சாயங்காலம் பார்த்தா நாக்கு குழறறது, நடை தள்ளாடறது. கிட்டப் போனா ஒரு தித்திப்பு வாசனை. விஷு கழிஞ்ச அன்னிக்கு வாசப்படியிலே விழுந்தவளுக்கு எழுந்துக்க முடியலை. நோயாளி இருக்கற அகத்துலே இதெல்லாம் அடுக்குமா?"

செல்லத்தாயி கையில் இருந்தது அந்த அம்மாள் எழுதிக் கொடுத்த சிட்டி. பம்பாயில் வீட்டு வேலை செய்பவர்களுக்கு அந்தச் சிட்டிதான் எல்லாம். அடுத்த வீட்டில் ஏறுமுன் அதைக் காட்ட வேண்டும். இதில், நான்கு வருடம் வேலை செய்தாள், குடிப்பழக்கத்தால் நீக்கப்பட்டாள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதை என்னிடம் கொடுத்துத்தான் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். அதோடு நின்றிருக்கலாம். நெற்றி நிறையத் திருநீறு பூசிய நான், ஒரு சொல்லும் விசாரிக்காமல் அவளுக்கு உபதேசம் செய்தேன்.

"பொம்பளை நீ. இந்தப் பழக்கத்த விட்டுரு, தாயி."

அவள் அழவில்லை. என் கையில் இருந்த சிலிண்டரைப் பார்த்தாள்.

"நானா குடிக்கேன்? உங்க பொட்டிதான் அண்ணாச்சி குடிக்கி. மாசம் தவறாம வந்து ஊத்திட்டுப் போறீய. ஊத்துன மறுநாளு அது நல்லா இருக்கும், நான் படுத்துருவேன். அது படுத்துச்சுன்னா நான் எந்திருச்சுருவேன். எனக்கும் அதுக்கும் என்ன ஜென்மப் பகையோ."

எரிச்சலில் சொன்ன கேலிதான். நான் இரண்டு படி ஏறிவிட்டு நின்றேன். வீட்டாரை முதலில் விசாரி என்ற ஒழுங்கை நான் எத்தனை முறை ஒப்பித்திருப்பேன். அந்த அறையில் நாள் முழுவதும் இருந்தவள் இவள் ஒருத்திதான். இவளை யாரும் எதுவும் கேட்டதில்லை, நான் உட்பட.

ஒவ்வொரு பெட்டியின் கீழ்க் கதவுக்கு உட்புறம் ஓர் அட்டை கயிற்றில் தொங்கும். வந்த தேதி, கண்டது, செய்தது, கையெழுத்து. அந்த அட்டை பெட்டியை விட்டு வெளியே போகக் கூடாது என்பது பட்டறை விதி. மேலே போய் அதை எடுத்துப் பார்த்தேன். அந்தக் கோடையில் மூன்று பதிவுகள். மூன்றும் ஒரே வாசகம்: 'கேஸ் குறைவு. நிரப்பப்பட்டது. இயந்திரம் நலம்.' முதலாவது சிவராத்திரியை ஒட்டி. மூன்றாவது விஷுவுக்கு முந்தின நாள். நடுவில் இருந்தது பங்குனி உத்திரத்துக்கு முதல் நாள். அதன் கீழே என் கையெழுத்து. உத்திரத்துக்கு மாதுங்காக் கோயிலில் ஓத வேண்டும் என்ற அவசரத்தில், அன்று சோப்புத் தொடாமல் கேஸை மட்டும் நிரப்பிவிட்டு ஓடியிருந்தேன்.

வீட்டு அம்மாளிடம், அவள் தள்ளாடிய நாட்களைக் கேட்டேன். அவருக்கு நன்றாக நினைவிருந்தது. சிவராத்திரி கழிந்து இரண்டு நாள், பால் செம்பைக் கை தவறவிட்டாள். பங்குனி உத்திரத்துக்கு மறுநாள், கண்ணுக்கு எல்லாம் இரண்டாகத் தெரிகிறது என்றாள். விஷு முடிந்து, வாசற்படி.

"மத்தியானம் அவ எங்க படுப்பா?" என்று கேட்டேன்.

"அதோ, அந்தப் பெட்டிகிட்டேதான். தரை ஜில்லுனு இருக்காம். பாயை விரிச்சு விழுந்துடுவா."

வீட்டுக்காரர் படுத்திருந்தது இடுப்புயரக் கட்டிலில். மெத்தில் குளோரைடு காற்றைவிடக் கனமானது. பெட்டி ஓடும்போது அதன் காற்றாடி கலைத்துவிடும். இரண்டு மணிக்குப் பெட்டி நின்று, கதவும் சாத்தப்பட்டால், அது தரையில்தான் படியும். அந்தத் தரையில் படுக்கும் உரிமை ஒருத்திக்கு மட்டுமே இருந்தது.

வலையைப் பார்த்தேன், சுத்தம். நாடா சரி. தண்ணீர் சரி. நுரை கலந்து தண்டின் சீலில் தடவிவிட்டு ஓதத் தொடங்கினேன். எட்டுப் பாடல் வரை ஒன்றும் இல்லை. ஒன்பதாவதில் ஒரு குமிழி, கடுகளவு. பத்தாவதில் மிளகளவு. நஞ்சைத் தானே உண்டு பிறரைக் காத்தவனைப் பாடிக்கொண்டிருந்தது என் வாய். அந்த நஞ்சை நான் என் கையால் கொண்டுவந்து ஊற்றி, இயந்திரம் நலம் என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறேன். பதினோராவது பாடலை ஓதி முடிக்காமல் எழுந்தேன். என் வாழ்நாளில் இடையில் விட்ட பதிகம் அது ஒன்றுதான்.

ஜன்னல் பட்டைகளை உருவி எறிந்து எல்லாவற்றையும் திறந்தேன். கேஸ் தொடர்பான விஷயத்தை மேஸ்திரியைக் கேட்காமல் வீட்டாரிடம் பேசக் கூடாது என்பதால் டெலிபோனில் பர்னாந்தை அழைத்தேன்.

அவர் வந்தார். கைக்குட்டையை விரித்து மண்டியிட்டார். நுரையில் குமிழி வந்து உடைவதை நெடுநேரம் பார்த்தார். அட்டையை எடுத்து மூன்று பதிவுகளையும் வாசித்தார். அம்மாளிடம் நான் கேட்ட கேள்விகளை ஒன்று விடாமல் அவரும் கேட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. பிறகு எழுந்து, கைக்குட்டையை நான்காக மடித்தபடி, "வலையில தூசி அம்மா. கேஸும் கொஞ்சம் கொறவு. ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்றார்.

படியிறங்கும்போது அவர் பின்னாலேயே போனேன்.

"மேஸ்திரி, வல சுத்தமா இருக்கு."

"இருக்கட்டும்."

"குடிகாரின்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

"ஓய், இதே கேஸ் முப்பது வீட்டுல ஓடுது. ஒண்ணுல உண்மையச் சொன்னா முப்பதையும் தொறக்கணும். ஒரு ஆயாவுக்காவ கம்பெனியக் கொளுத்தச் சொல்லுதீரா?"

அவர் கவனிக்கவில்லை, கடைசிப் படியில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"முப்பது வீட்டுலயும் ஆயா இருப்பால்லா மொதலாளி?" என்றாள். எழுந்திருக்கக்கூட இல்லை.

பர்னாந்து தெருவில் இறங்கி நடந்தார். பழுது கண்டுபிடிப்பதில் அவருக்கு நிகரானவரை நான் பிற்பாடும் பார்த்ததில்லை. கண்டுபிடித்த பழுதை வாய்விட்டுச் சொல்ல அவரால் முடியவில்லை. ஐம்பது வருடம் ஆகியும், அறியாமல் செய்தவர்களை மன்னிக்க முடிகிற எனக்கு, அறிந்து மடித்து வைத்துக்கொண்ட அந்த மனிதரை மன்னிக்க முடியவில்லை.

நான் திரும்ப மேலே ஏறி, வீட்டுக்காரர் முன்னிலையில் எல்லாவற்றையும் சொன்னேன். எந்த கேஸ், தகட்டில் என்ன போட்டிருக்கிறது, எங்கே கசிகிறது, நாங்கள் என்ன செய்தோம், நான் என்ன செய்தேன்.

கட்டிலில் இருந்தவர் முதலில் கேட்டது: "அப்போ என் தலைவலி இதனாலேதானா?"

அம்மாள் கேட்டது: "வேற பெட்டி தருவேளோ?"

செல்லத்தாயியைப் பற்றி இருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நானே கேட்டேன். அம்மாள் கெட்டவர் அல்லர். முகம் கறுத்துத்தான் போயிற்று.

"சரி, நாளைக்கு வரச் சொல்லுங்கோ. நான்தான் திரும்பக் கூப்பிடறேனே."

"அந்தச் சிட்டி?"

"கிழிச்சுப் போட்டுக்கட்டும்."

"கிழிச்சா நாலு வருஷமும் சேந்து போயிரும்மா. வேற எழுதிக் குடுங்க."

"நான் தப்பா எழுதினேன்னு நானே கையெழுத்துப் போடணுமாக்கும்? ஒரு ஆயாவுக்கு?"

ஒரே மணி நேரத்தில் அந்த வார்த்தையை இரண்டாம் முறை கேட்டேன். தூத்துக்குடியும் பாலக்காடும், சிலுவையும் சந்தனமும் எல்லாவற்றிலும் வேறுபட்டன. இதில் மட்டும் ஒரே குரலில் பேசின.

கீழே வந்து சொன்னேன். செல்லத்தாயி யோசிக்கவே இல்லை. "குடிகாரின்னு எழுதுன கை அத அடிக்காம, நான் அந்த நடைய மிதிக்க மாட்டேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த வருடச் சம்பள உயர்வு நின்றது. வாடிக்கையாளரிடம் வரம்பு மீறிப் பேசியதற்கும், பட்டறைச் சொத்தான அட்டை ஒன்றைத் தொலைத்ததற்கும் என்னிடம் விளக்கம் கேட்டார்கள். தொலைக்கவில்லை, கொடுத்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். அதன்பின் ஒவ்வொரு வீடாகப் பெட்டிகளைத் திறந்து சீல்களைச் சோதித்தார்கள், தகடுகளை மாற்றினார்கள், காரணத்தை எவருக்கும் சொல்லவில்லை. சரியான கேஸ் மீண்டும் வரத் தொடங்கியதும் எல்லாவற்றையும் மறந்தார்கள். இன்றைய கேஸ் அவ்வளவு கொடியதல்ல. அது நம் யோக்கியதையால் வந்ததன்று. செம்பூரில் என் மகள் வீட்டிலும், பாத்திரம் துலக்கும் பெண் மத்தியானம் அந்த ஏ.சி.க்குக் கீழே தரையில்தான் சாய்ந்துகொள்கிறாள். சிலிண்டரோடு திரும்பி வந்தவரிடம், கசிவு இருந்த இடத்தைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடாமல் ஒரு துளியும் ஊற்றக் கூடாது என்றேன். திட்டிக்கொண்டே தேடினார். வால்வின் கழுத்தில் இருந்தது.

அட்டையைக் கொடுத்த கதையைச் சொல்ல வேண்டும்.

அன்று மாலையே, மேஸ்திரி சொன்ன 'வலையில் தூசி'யை எழுதாமல், நான்காவது பதிவை எழுதினேன். இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன். கசிவு இருந்த இடம், கேஸின் பெயர், அது தரையில் படியும் தன்மை, அதை முகர்ந்தவருக்கு நாக்குக் குழறல், தள்ளாட்டம், பார்வை இரட்டிப்பு ஏற்படும் என்பது, இந்த அறையின் ஆயாவுக்கு மூன்று முறை அவ்வாறு ஏற்பட்டது என்பது, அவள் குடித்தவள் அல்லள் என்பது. கயிற்றை அறுத்து அட்டையைக் கீழே கொண்டுவந்தேன். சிட்டியோடு இதையும் சேர்த்துக் காட்டினால் போதும் என்று சொல்லி நீட்டினேன்.

அவள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வாசிங்க" என்றாள்.

நான்காவது பதிவைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன்.

"அது இல்ல அண்ணாச்சி. மேலேருந்து வாசிங்க."

முதல் பதிவை வாசித்தேன். இரண்டாவதற்கு வந்ததும் அவள் அந்தக் கையெழுத்தின்மேல் விரலை வைத்தாள்.

"இது யாரு?"

"நான்தான்."

"என்ன எழுதிருக்கு?"

"கேஸ் கொறவு. நெரப்பியாச்சு. பொட்டி நல்லாருக்கு."

"இன்னொரு மட்டம் வாசிங்க" என்றாள். வாசித்தேன்.